பழைய பெட்ரோல் காரில் செக் என்ஜின் லைட் எரிந்தால்: கோளாறைப் பிடிக்கும் முறை, படிப்படியாக

செக் என்ஜின் லைட் எரிந்ததும் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி லைட்டை அணைக்கிறார்கள். இல்லையென்றால் ஸ்கேனரில் வந்த சென்சர் பெயரை எழுதிக்கொண்டு நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகிறார்கள். முதல் வழியில் தடயம் அழிகிறது, இரண்டாவதில் பணம் போகிறது. பத்து நாளில் லைட் திரும்ப வந்துவிடும்.

எரர் கோடு என்பது கம்ப்யூட்டர் கொடுக்கும் புகார். எந்த வட்டாரத்தில் கணக்கு உதைக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். எந்தப் பாகம் கெட்டது என்பதை நாம்தான் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் சோதனையை எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி.

ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10, சாண்ட்ரோ மாதிரி பத்து, பதினைந்து வருடம் ஓடிய பெட்ரோல் கார்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2010 ஏப்ரலில் ஓபிடி (காரே தன் கோளாறைக் கண்டுபிடித்துப் பதிவு செய்யும் ஏற்பாடு) முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. உங்கள் கார் அதற்கும் முந்தையது என்றால், ஸ்கேனர் எவ்வளவு பேசும் என்பது மாடலைப் பொறுத்தது. ஸ்கேனர் செருகும் 16 பின் சாக்கெட்டே இல்லாத பழைய சுசூகி என்ஜின்களில் டயக்னாஸ்டிக் கனெக்டரில் இரண்டு முனையை இணைத்தால் லைட் விட்டுவிட்டு மின்னும், அதை எண்ண வேண்டும். ஒரு மின்னல், இடைவெளி, இரண்டு மின்னல் என்றால் 12. கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று அர்த்தம். எந்த முனை என்பதை அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

1. முதலில் லைட்டையே கவனியுங்கள்

சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். செக் என்ஜின் லைட் எரிய வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி போட்டபோதே எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கிறது, அல்லது யாரோ கழற்றியிருக்கிறார்கள். பழைய கார் வாங்கப் போகும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஓடும்போது லைட் நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல இழுத்தால் பதற்றம் வேண்டாம். மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வரலாம். லைட் விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு. என்ஜின் கடுமையாக மிஸ்ஸிங் ஆகிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது. அந்தப் பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலோடு முடிய வேண்டிய செலவு கன்வெர்ட்டர் வரை போகும். ஆக்சிலரேட்டரைக் குறைத்து ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

ஆயில் விளக்கோ டெம்பரேச்சர் விளக்கோ சேர்ந்து எரிந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம். உடனே என்ஜினை அணைக்க வேண்டும்.

2. கையில் இருக்க வேண்டியவை

புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்று, அதற்கான ஆப் போட்ட போன். ஈஎல்எம்327 வகை மலிவு ஸ்கேனரே இந்த வேலைக்குப் போதும். ஆனால் மிக மலிவான சில நகல்கள் பழைய கார்களின் கே லைன் மொழியைப் பேசாது. புதிய காரில் வேலை செய்யும், உங்கள் காரில் இணைப்பே கிடைக்காது. வாங்கும்போது திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் அதற்குப் பொருந்தும் என்று சொல்லி விற்கப்படும் ஸ்கேனராகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஸ்கேனரைவிட முக்கியம் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். இது இல்லாமல் சென்சரா வயரா என்று தீர்ப்பு சொல்லவே முடியாது. கூடவே டார்ச், பிளக் ஸ்பேனர், கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, மெல்லிய வயர்த் துண்டு, ஒரு நோட்டு, பேனா.

வேலை செய்யும்போது வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, திறந்த வெளியில் நிற்கட்டும். ரேடியேட்டர் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் தானாகச் சுற்றும். கையும் துப்பட்டாவும் சட்டை நுனியும் அங்கே போகக் கூடாது.

3. எரர் கோடைப் படியுங்கள், எழுதுங்கள், அழிக்காதீர்கள்

சாக்கெட் பெரும்பாலும் டிரைவர் பக்கம், ஸ்டியரிங்குக்குக் கீழே டேஷ்போர்டின் அடியில் இருக்கும். செருகியும் ஸ்கேனரில் விளக்கு எரியாவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். சில கார்களில் போன் சார்ஜர் சாக்கெட்டுக்கும் இதற்கும் ஒரே ஃபியூஸ்தான்.

மூன்று விஷயங்களை நோட்டில் எழுதுங்கள். பதிவான கோடுகள், பெண்டிங் கோடுகள், ஃப்ரீஸ் ஃப்ரேம். பெரும்பாலான கோளாறுகளுக்கு அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தவறு தெரிந்தால்தான் லைட் எரியும். ஒருமுறை மட்டும் தெரிந்தது பெண்டிங்கில் காத்திருக்கும். அதனால் பெண்டிங் பட்டியல் பல நேரம் கூடுதல் துப்பு தரும்.

ஃப்ரீஸ் ஃப்ரேமைத்தான் புதியவர்கள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கோளாறு பதிவான அந்தக் கணத்தில் என்ஜின் எந்த நிலையில் இருந்தது என்ற குறிப்பு அது: வேகம், ஆர்பிஎம், கூலன்ட் சூடு, லோடு (என்ஜின் இழுக்கும் சுமை). பி0171 என்று ஒரு கோடு, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு. ஃப்ரீஸ் ஃப்ரேமில் வேகம் 90, ஆர்பிஎம் 3200, லோடு அதிகம் என்று இருந்தால், என்ஜின் கேட்ட அளவுக்குப் பெட்ரோல் வரவில்லை. பம்ப், ஃபில்டர் பக்கம் போக வேண்டும். அதே கோடு, வேகம் 0, ஆர்பிஎம் 780 என்று இருந்தால், சிக்னலில் நிற்கும்போது வந்திருக்கிறது. காற்று எங்கேயோ திருட்டுத்தனமாக நுழைகிறதா என்று பார்க்க வேண்டும் (எந்த வகை என்ஜினில் எந்தக் கசிவு என்பது 6ஆம் படியில்). கோடு ஒன்றுதான், போக வேண்டிய திசை இரண்டு.

கோடை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ இந்தக் குறிப்பும் சேர்ந்து போய்விடும். மறுபடி கோளாறு வரும்வரை கண்ணைக் கட்டிக்கொண்டு தேட வேண்டியதுதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

4. பேட்டரியும் எர்த்தும்

இதை ஏன் இவ்வளவு முன்னால் வைக்கிறேன் என்றால், பேட்டரி சோர்ந்திருந்தால் கம்ப்யூட்டர் சம்பந்தமே இல்லாத நாலைந்து கோடுகளை ஒன்றாகக் காட்டும். அவற்றை ஒவ்வொன்றாகத் துரத்திப் போவது வீண்.

வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12.2க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5.

அப்புறம் எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றைச் சுத்தமான என்ஜின் உலோகத்திலும் வைத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஸ்ட்ராப் துருப்பிடித்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்குங்கள். கடலோர ஊர்களில் இதற்கு என்றே தனியாக நேரம் ஒதுக்கலாம்.

5. பானெட்டுக்குள் கண்ணால் ஒரு சுற்று

நம் ஊரில் பழைய காரின் முதல் எதிரி எலி. தெருவில் நிற்கும் வண்டி என்றால் பானெட்டைத் திறந்ததும் டார்ச்சை என்ஜினின் பின்பக்கம், ஃபயர்வால் (என்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தகடு) ஓரமாக அடியுங்கள். புழுக்கை, தேங்காய் நார், பாதி கடித்த ரொட்டி எது கிடந்தாலும் அந்தச் சுற்றுவட்டார வயர் முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். எலி பெரும்பாலும் வயரை முழுதாகத் துண்டிக்காது. மேல் உறையைக் கடித்துச் செம்பைத் தெரியவிடும். வெயில் நாளில் ஒன்றும் தெரியாது, மழையில் நனைந்தால் லைட் எரியும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சர், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் இவற்றின் வயர்களைத் தவறாமல் பாருங்கள்.

அடுத்தது ஏர் ஃபில்டரிலிருந்து, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் வரை வரும் ரப்பர் குழாய். மடிப்புகளுக்குள் விரிசல் ஒளிந்திருக்கும், கையால் விரித்துப் பார்த்தால்தான் தெரியும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸ், அதன் நுனியில் உள்ள கிளிப், என்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸ் இவற்றையும் பாருங்கள். வயதான ரப்பர் நுனியில்தான் முதலில் வெடிக்கும்.

சமீபத்தில் என்ஜினுக்கு வாட்டர் வாஷ் செய்தீர்களா, வண்டி வெள்ளத்தில் நின்றதா என்று யோசியுங்கள். ஆம் என்றால் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு மாட்டுங்கள். பிளக் குழிக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் மிஸ்ஸிங் கட்டாயம்.

கனெக்டரைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் லாக் உடைந்தால் அப்புறம் அதுவே நிரந்தரக் கோளாறாகிவிடும்.

6. லைவ் டேட்டா: காலையில் ஆறிய என்ஜினில் தொடங்குங்கள்

காலையில் முதல் வேலையாக, ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை ஆன் செய்து மூன்று எண்களைப் பாருங்கள். ஒரு செலவும் இல்லாமல் மூன்று சென்சர்களைச் சரிபார்க்கும் வழி இது.

கூலன்ட் சூடும், உள்ளே இழுக்கும் காற்றின் சூடும் அன்றைய வெளிச் சூட்டோடு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில் ஒன்று 29, மற்றொன்று 52 என்று காட்டினால் ஒன்று பொய் சொல்கிறது.

மூன்றாவது மேப் சென்சர், அதாவது இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தம். என்ஜின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். சென்னையில் 100 கிலோபாஸ்கல் ஒட்டி, ஊட்டியில் 77 ஒட்டி. சென்னையில் நிற்கும் வண்டி 85 காட்டினால் சென்சரோ அதன் வயரோ தவறு.

இனி ஸ்டார்ட் செய்யுங்கள். சூடான பிறகு ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடும்போது) மேப் 30 முதல் 40 வரை இருப்பது நல்லது. கூலன்ட் 80ஐத் தாண்டி நிலைக்க வேண்டும். இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என்ஜின் சூடாகிறது என்று போனால் பல பட்டறைகளில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அதன் பிறகு நெடுஞ்சாலையில் கூலன்ட் 60, 65லேயே நிற்கும். என்ஜின் இன்னும் ஆறித்தான் இருக்கிறது என்று நம்பிக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளிக் கொட்டும். மைலேஜ் குறையும், பிளக் கறுக்கும், பி0128 வரும். இதற்குச் சென்சர் மாற்றிப் பயனில்லை. வால்வை வாங்கித் திரும்பப் போடுங்கள், சூடாவதற்கான உண்மைக் காரணத்தைத் தனியாகத் தேடுங்கள்.

அடுத்து ஃப்யூயல் டிரிம். ஷார்ட், லாங் என்று இரண்டு இருக்கும், இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதுதான் இது. கூட்டல் கழித்தல் 10க்குள் இருந்தால் கவலை இல்லை. ஐடிலில் ஒருமுறை, 2500 ஆர்பிஎம்மில் பிடித்து ஒருமுறை எழுதுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலும் “ஐடிலில் டிரிம் அதிகம், ரேஸ் கொடுத்தால் குறைகிறது என்றால் ஏர் லீக்” என்று இருக்கும். அது காற்றை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சர் உள்ள என்ஜினுக்கு. நம் ஊர்ச் சின்ன கார்களில் பெரும்பாலும் மேப் சென்சர்தான். அதில் லீக் வழியாக நுழையும் காற்றும் மேனிஃபோல்டு அழுத்தத்தில் தெரிந்துவிடுவதால், கம்ப்யூட்டர் அதற்கும் பெட்ரோல் கொடுத்துவிடும். டிரிம் அவ்வளவாக மாறாது, ஐடில்தான் ஏறிக் கிடக்கும். ஆக, மேப் என்ஜினில் டிரிம் 20க்கு மேல் நின்றால் பெட்ரோல் அழுத்தம், அடைத்த இன்ஜெக்டர், முதல் ஆக்சிஜன் சென்சருக்கு (கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது) முன்னால் சைலன்சர் கசிவு என்ற வரிசையில் போங்கள். கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே போய், ஆக்சிஜன் அதிகம் என்று சென்சரை ஏமாற்றும். காலையில் ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் மேனிஃபோல்டு பக்கம் “டிக் டிக்” சத்தம் கேட்டு, சூடானதும் மறைந்தால் கேஸ்கட் அங்கே கசிகிறது.

7. சென்சரா, வயரா: வாங்குவதற்கு முன் தீர்மானியுங்கள்

கூலன்ட் சென்சர், காற்றுச் சூட்டுச் சென்சர் மாதிரி இரண்டு வயர் உள்ளவற்றுக்கு அருமையான ஒரு சோதனை இருக்கிறது. பி0118, பி0113 மாதிரிக் கோடுகளுக்கு இதுவே தீர்ப்பு.

சாவியை அணைத்துச் சென்சரின் கனெக்டரைக் கழற்றுங்கள். சாவியை ஆன் செய்து ஸ்கேனரைப் பாருங்கள். மைனஸ் 40 டிகிரி காட்ட வேண்டும். மறுபடி சாவியை அணைத்து, வயர் பக்கக் கனெக்டரின் இரண்டு முனைகளையும் மெல்லிய வயர்த் துண்டால் இணைத்து, சாவியை ஆன் செய்யுங்கள். இப்போது 120க்கு மேல் எகிற வேண்டும். இரண்டும் சரியாக வந்தால் வயரும் கம்ப்யூட்டரும் நலம், குற்றவாளி சென்சர். தைரியமாக வாங்கலாம். இணைத்த பிறகும் மைனஸ் 40லேயே நின்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. புதுச் சென்சர் போட்டாலும் லைட் அணையாது.

சில கார்களில் கோளாறு தெரிந்ததும் கம்ப்யூட்டர் ஒரு நிலையான எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். அப்போது சென்சரைத் தனியாக மல்டிமீட்டரில் ஓம் வைத்து அளக்கலாம். இந்த வகைச் சென்சர்கள் பெரும்பாலும் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும். வெந்நீரில் நுனியை வைத்தால் எண் சீராக இறங்க வேண்டும், நடுவில் தாவக் கூடாது.

இந்த இணைப்புச் சோதனையை மூன்று வயர் சென்சரில் செய்யவே கூடாது. அங்கே ஒன்று 5 வோல்ட், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். கனெக்டரைக் கழற்றி, சாவி ஆனில் 5 வோல்ட் வருகிறதா என்று மட்டும் அளந்து பாருங்கள். வரவில்லை என்றால் உடனே கம்ப்யூட்டர் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பல சென்சர்கள் ஒரே 5 வோல்ட் வரியைப் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளே ஷார்ட் ஆன ஒரு சென்சர் மற்ற எல்லாவற்றையும் சேர்த்துக் கவிழ்க்கும். ஒவ்வொரு சென்சராகக் கழற்றிக்கொண்டே வாருங்கள், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்ப வருகிறதோ அதுதான் ஆள்.

8. அடிக்கடி வரும் மூன்று புகார்கள்

மிஸ்ஸிங், பி0300 முதல் பி0304 வரை. கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கும். 0 என்றால் குறிப்பிட்ட ஒன்று இல்லை, மாறிமாறி வருகிறது. சிலிண்டர் எண் டைமிங் செயின் அல்லது பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கும். ஸ்விஃப்ட் மாதிரி ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனிக் காயில் உள்ள என்ஜினில் சோதனை சுலபம். பி0302 வந்தால் இரண்டாவது காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில் கெட்டது. மாறவில்லை என்றால் அடுத்து பிளக்கை மாற்றிப் பாருங்கள், அதன் பிறகு இன்ஜெக்டர், கடைசியாகக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்). ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். பழைய சாண்ட்ரோ மாதிரி காயில் பேக்கும் பிளக் வயரும் உள்ள வண்டியில், இருட்டில் பானெட்டைத் திறந்து ஓடவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். வயரிலிருந்து நீலப் பொறி என்ஜினுக்குத் தாவினால் விடை கிடைத்துவிட்டது.

என்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சர், பி0335. சூடான பிறகு வண்டி திடீரென்று நின்று, அரை மணி ஆறினால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். சென்சர் உள்ளே சூட்டில் அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். வண்டி அப்படி நின்று, ஸ்டார்ட் ஆகாத நேரத்தில்தான் இதைப் பிடிக்க முடியும். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் 0 என்று நின்றால் சந்தேகம் வலுக்கிறது. நடுரோட்டில் நிறுத்திவிடும் கோளாறு என்பதால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், பி0420. கன்வெர்ட்டர் விலை அதிகம், அதனால் அதை மாற்றுவது கடைசி முடிவாக இருக்கட்டும். மிஸ்ஸிங் இருந்தால் முதலில் அது, அடுத்து சைலன்சர் கசிவு, அதற்கடுத்து என்ஜின் ஆயில் குடிக்கிறதா என்பது. சூடான என்ஜினில் கன்வெர்ட்டருக்கு முன்னாலுள்ள ஆக்சிஜன் சென்சர் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே வேகமாக ஏறி இறங்க வேண்டும், பின்னாலுள்ள சென்சர் ஓரளவு நிலையாக நிற்க வேண்டும். பின்னாலுள்ளதும் முன்னாலுள்ளதைப் போலவே துள்ளினால்தான் கன்வெர்ட்டர் ஓய்ந்துவிட்டது. கன்வெர்ட்டரின் உள்ளே இருப்பதைக் காலி செய்து ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அது சட்டப்படி தவறு, பின்னால் வருகிறவர்கள் சுவாசிப்பதும் அந்தப் புகையைத்தான்.

9. சரிசெய்த பிறகு அழியுங்கள், ஓட்டுங்கள், மறுபடி படியுங்கள்

கோடை அழிக்க வேண்டிய நேரம் இதுதான். அழித்ததும் ஐடில் கொஞ்சம் ஏறி இறங்கலாம். கம்ப்யூட்டர் கற்று வைத்திருந்த திருத்தங்கள் போய்விட்டதால் அப்படி. ஏசி, லைட் எல்லாம் அணைத்துச் சில நிமிடம் ஓடவிடுங்கள், பிறகு ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலுமாக ஓட்டுங்கள்.

ஆப்பில் ரெடினஸ் மானிட்டர் என்று ஒரு பகுதி இருக்கும். கம்ப்யூட்டர் தன் சோதனைகளை முடித்துவிட்டதா என்று அது சொல்லும். அவை முடிவதற்கு முன் லைட் எரியவில்லை என்பதற்கு மதிப்பில்லை, இன்னும் சோதிக்கவே இல்லை என்றுதான் பொருள். நீங்கள் அழிக்காமல் விட்டாலும், தவறில்லாத மூன்று ஓட்டங்களுக்குப் பிறகு லைட் தானாக அணையும். கோடு மட்டும் நினைவில் கொஞ்ச காலம் இருக்கும்.

அதே கோடு திரும்பினால் புது ஃப்ரீஸ் ஃப்ரேமை நோட்டில் உள்ள பழையதோடு ஒப்பிடுங்கள். நிலை மாறியிருந்தால் ஒரு கோளாறு போய் இன்னொன்று மிஞ்சியிருக்கிறது. அப்படியே இருந்தால் நீங்கள் தொட்டது காரணமே இல்லை, 4ஆம் படிக்குத் திரும்புங்கள். கம்ப்ரஷன் குறைவு, டைமிங் செயின் தாவல், கம்ப்யூட்டருக்குள் கோளாறு என்ற கட்டம் வந்தால் பட்டறைக்குக் கொண்டு போங்கள். நோட்டில் எழுதியதை அப்படியே மெக்கானிக்கிடம் காட்டினால், செய்த சோதனைகளுக்கே மறுபடி கூலி கேட்க மாட்டார்.

மானிட்டர்கள் எல்லாம் முடிந்து, பெண்டிங் பட்டியலும் காலியாக இருந்தால் ஸ்கேனரைக் கழற்றி வைத்துவிடலாம். நிற்கும் வண்டியில் அதைச் செருகியே வைத்திருந்தால் பேட்டரி இறங்கும்.